கம்பியைப் பிடிக்காதவள்

டிப்போவில் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு ஒரு நாற்காலி ஒதுக்கி வைத்திருந்தார்கள். நல்ல நாற்காலிதான், குறை சொல்ல முடியாது. பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிற குடை, டிபன் டப்பா, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை பல்செட்கூட, எல்லாம் வந்து சேருகிற அறையில், ஜன்னலோரமாக, மெத்தை தைத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு மின்விசிறியும் வைத்திருந்தார்கள். மேனேஜர் தானே உட்கார்ந்து பார்த்து, ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். இவ்வளவு பிரியத்தோடு ஒரு மனுஷியை மூலையில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டால், முடியும்.

அவளை விசிலக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கண்டக்டர்களுக்குக் கொடுக்கிற விசில் அவள் கழுத்தில் சும்மா அழகுக்குத் தொங்கும். நாக்கை மடித்து அவள் ஊதுகிற விசிலுக்குத்தான் வண்டி நகரும், நிற்கும். விசிலைவிட அவளுக்குப் பெருமை தந்த விஷயம் ஒன்று உண்டு. ஓடுகிற பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடிக்க மாட்டாள். ஒரு கையில் டிக்கெட் மெஷின், இன்னொரு கையில் சில்லறை, கம்பியை எதால் பிடிப்பது? புதிதாக வருகிற கண்டக்டர்கள் ஒவ்வொரு பிரேக்குக்கும் பரதம் ஆடுவார்கள். இவள் முட்டியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, நட்டு வைத்தாற்போல நிற்பாள். எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அவளுடைய உள்ளங்காலுக்கே தெரியும்.

அந்த உள்ளங்கால்களில் ஒன்றுதான் போய்விட்டது. மழை விட்டிருந்த ஒரு காலையில், டிப்போ முற்றத்தில் பின்னால் நின்று விசில் கொடுத்து வண்டியை ரிவர்ஸ் எடுக்க வைத்துக்கொண்டிருந்தாள். தரையில் எண்ணெய். வழுக்கி விழுந்தாள். விசில் நின்ற நொடியே டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்துவிட்டார். அதற்குள் பின்சக்கரம் வலது காலின் மேல் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவளோடு எத்தனையோ வருஷம் ஒரே வண்டியில் ஓடிய அந்த மனிதர், அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார்.

கால் போனது ஒரு கஷ்டம் என்றால், அதற்குப் பிறகு உலகமே அவளிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தது இன்னொரு கஷ்டம். மாடி வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாருக்காக அவளோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவள். அவளே வந்து மோட்டாரைப் போட்டுவிட்டு, "போதுமாம்மா? இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்று கேட்டாள். விசிலக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. நன்றியினால் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நல்ல எதிரி கைவிட்டுப் போன துக்கம் அது.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும்தான். தங்கைக்குச் செருப்புக்கடையில் வேலை. அக்கா கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் பஸ்ஸைக் கட்டிக்கொண்டாள் என்பது அவளுடைய நெடுநாள் கிண்டல். விபத்துக்குப் பிறகு அந்தக் கிண்டலும் நின்றுபோயிருந்தது.

தையல் ஆறியதும் செயற்கைக் கால் பொருத்தும் மையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த இளைஞர் பிசியோதெரபிஸ்ட். விசிலக்காவுக்கு அவர் முதல் நாளே 'பிசியோ தம்பி' ஆகிவிட்டார். வெட்டியது போக மிச்சமிருந்த காலில் இறுக்கமாகக் கட்டுப்போட்டு வீக்கத்தை வடிய வைத்தார். முட்டி மடங்கியபடியே இறுகிவிடக் கூடாது என்று குப்புறப் படுக்க வைத்தார். இடுப்பையும் தொடையையும் படாதபாடு படுத்தினார். இல்லாத கட்டைவிரல் நடுநடுவே அரிக்கும். "சொறியவும் முடியல, சும்மா இருக்கவும் முடியல தம்பி" என்பாள். இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை வைத்து, அதில் பார்த்துக்கொண்டே இருக்கிற காலைச் சொறியச் சொன்னார் அவர். பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே சொறிந்தாள். பாதி அரிப்பு நிஜமாகவே அடங்கியது.

கால்களைச் செய்து பொருத்துகிற டெக்னீஷியன் அம்மா அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் மேஜைமேல் பாதங்களை வரிசையாக அடுக்கி வைத்தாள். ஒன்று கெட்டி ரப்பர் பாதம். கனம் குறைவு, தொல்லை குறைவு. ஒன்று வளைந்த பட்டை போலக் கறுப்பாக இருந்தது. மிதித்தால் எகிறித் தள்ளும், வேகமாக நடப்பவர்களுக்கு. இன்னொன்றில் கணுக்கால் நாலா பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். ஓரத்தில் தோல் நிறத்தில் ஒரு மேலுறை, நகம் எல்லாம் வைத்து.

தங்கையின் கண் அந்த மேலுறையை விட்டு நகரவில்லை. "அக்கா, இதுல நகப்பாலிஷ்கூட போடலாம்."

"ஷூவுக்குள்ள இருக்கறத யாருடி குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

டெக்னீஷியன் அம்மா நடுவில் புகுந்தாள். "எது அழகு, எது ஒசத்தின்னு அப்புறம் பாக்கலாம். இந்தக் கால வெச்சு நீங்க என்ன செய்யணும்? அத முதல்ல சொல்லுங்க."

"நிக்கணும்."

"எல்லாருந்தான் நிக்கணும்."

"ஓடற பஸ்ல நிக்கணும். எதையும் பிடிக்காம."

அந்த அம்மா மற்ற பாதங்களை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு நாலா பக்கமும் அசைகிற பாதத்தை எடுத்து முன்னால் வைத்தாள். "தரை சாஞ்சா இதுவும் கூட கொஞ்சம் சாயும். அதுக்காக அதுவே உங்கள நிக்க வெக்கும்னு நினைக்காதீங்க. நிக்கறது இடுப்பும் தொடையும்தான்."

முதலில் தற்காலிகக் கால், வீக்கம் நன்றாக வடிந்து சதை சுருங்கியதும் நிரந்தரக் கால் என்று ஏற்பாடு. நிரந்தரக் காலுக்கு அளவெடுத்த அன்று, "அடுத்த தடவ வர்றப்ப, நீங்க போடற ஷூவ எடுத்துட்டு வாங்க" என்றார்கள். செருப்புக்கடைக்காரிக்கு வேறென்ன வேண்டும்? கடையிலேயே நல்ல ஜோடியாகப் பொறுக்கி எடுத்து வந்தாள். அரக்கு நிறம், பளபளவென்று, இரண்டு விரல் உயரத்துக்குக் குதி. "நாலு பேர் பாக்கற இடத்துக்குப் போறோம், லட்சணமா போவோம்" என்றாள். அந்த ஷூவைப் போட்டு நிற்க வைத்துத்தான், டெக்னீஷியன் அம்மா சின்னச் சாவியால் திருகு திருகாகத் திருப்பிக் காலை நேராக்கினாள்.

அதற்கப்புறம் விசிலக்கா நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. பிசியோ தம்பி பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். படிக்கட்டில் ஏறினாள், சரிவில் இறங்கினாள், கூழாங்கல் கொட்டிய பாதையில் நடந்தாள். வெறுங்காலோடு வேண்டாம், வீட்டிலும் ஷூவோடே நடங்கள் என்று சொல்லியிருந்ததால் வீட்டுக்குள்ளும் அரக்கு ஷூதான். மத்தியானத்துக்கு மேல் சதை கொஞ்சம் சுருங்கி, கால் லொடலொடவென்று ஆகும். அப்போது மிச்சக் காலில் இன்னொரு சாக்ஸை மாட்டிக்கொள்ளவும் பழகிவிட்டாள். மேனேஜருக்குப் போன் போட்டு, "சார், வரட்டுமா?" என்றாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. "சும்மா ஒரு ரவுண்டு பாத்துடலாம்மா. சரியா வந்தா வண்டிக்குப் போ. விழுந்தேன்னு வெச்சுக்க, அப்புறம் என்னைக் கேக்காத. அந்த ரூமுக்குத்தான்" என்றார். பேச்சு சுத்தமாக இருந்தது. அவளுக்கும் அதுதான் பிடித்தது.

பரீட்சை அன்று அவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டாள். யூனிஃபார்முக்கு டிப்போவில் கொடுத்த கறுப்பு ஷூ, தட்டையான அடி. பாலிஷ் போட்டு மாட்டிக்கொண்டு இறங்கினாள். முற்றத்தில் நடக்கும்போதே ஏதோ மேடு ஏறுவது போல இருந்தது. பதற்றம் என்று நினைத்து அலட்சியப்படுத்தினாள். டிரைவர் அண்ணன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிப்போ ஆட்கள் சிலர் பயணிகளாக உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பின்னால் இருந்த சீட்டில் மேனேஜர். விசில் கொடுத்தாள். வண்டி ஒரு இழுப்பு இழுத்துக் கிளம்பியது.

அவ்வளவுதான். புதுக் கால் அவள் முட்டியைப் பின்னால் தள்ளியது. விசிலக்கா அப்படியே பின்னால் சாய்ந்து, மேனேஜரின் மடியில் ஜம்மென்று போய் உட்கார்ந்தாள். விழுந்த வேகத்தில் மெஷினில் விரல் பட்டு, அது பாட்டுக்கு ஒரு டிக்கெட்டை அடித்து மேனேஜர் மூக்குக்கு நேராக நீட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. பழைய நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே டிப்போ ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்திருக்கும். இப்போது எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். மேனேஜர் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, அந்த டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அந்த ரூம் அப்படியேதான் இருக்கும்மா. அவசரமில்ல, மெதுவா வா" என்றார். டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தவர் நிமிரவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை பிடித்துக்கொண்டாள். "போதும்க்கா. நாற்காலிதான் குடுக்கறாங்களே. எதுக்கு இப்படி ஒத்தக் கால்ல நிக்கற?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். விசிலக்கா அவளைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், மூச்சு முட்டும் வரை சிரித்தாள்.

"அதான்டி கேடே. ஒத்தக் கால்ல எத்தன நாள் வேணா நிப்பேன். எனக்கு ரெண்டு கால்ல நிக்கணும்" என்றாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் யூனிஃபார்மோடும் கறுப்பு ஷூவோடும் விறுவிறுவென்று மையத்துக்குள் நுழைந்தாள். சண்டைக்குத்தான் போனாள். பின்னாலேயே தங்கை. பிசியோ தம்பி வாசலில் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"என்னக்கா, மேடு ஏறற மாதிரி நடக்கறீங்க? முட்டி ஏன் பின்னால போவுது?"

"அத நீங்க சொல்லுங்க தம்பி. உங்க ஹால்ல மகாராணி மாதிரி நடக்குது, என் வண்டில ஏறினா காலை வாரி விடுது."

டெக்னீஷியன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். "இது எந்த ஷூ?"

"டூட்டி ஷூ."

"அந்த அரக்கு ஷூ?"

"அது வெளிய போறதுக்குங்க."

அந்த அம்மா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தக் கால அந்தக் குதி ஒசரத்துக்கு வெச்சிருக்கேன். குதி இறங்கினா முழுக் காலும் பின்னால சாயும். நல்ல காலா இருந்தா கணுக்கால் தானா சரி பண்ணிக்கும். இது அசையறது கொஞ்சந்தான், மத்தபடி நான் வெச்ச இடத்துலதான் நிக்கும்." பிறகு சொன்னாள்: "'போடற ஷூ'ன்னு கேட்டோம். வேலைக்கு எதைப் போடுவீங்கன்னு கேக்கல. தப்பு எங்க மேலயும் இருக்கு."

தங்கையின் முகம் செத்துப்போயிற்று. நாளெல்லாம் குதி வைத்த செருப்பை விற்பவள். யாருக்கு எந்த உயரம் ஒத்துவரும் என்று நடையைப் பார்த்தே சொல்பவள். "நான்தான்க்கா வாங்கிக் குடுத்தேன். நான்தான் உன்ன விழ வெச்சேன்" என்றாள்.

"ஆமா, நீதான்" என்றாள் விசிலக்கா. ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை அவள். "அதுக்கு அபராதம் இருக்கு, இரு."

அந்தச் சின்னச் சாவி மறுபடி வந்தது. கறுப்பு ஷூவைப் போட்டு நிற்க வைத்து, திருகுகளைத் திருப்பி, நடக்க விட்டு, மறுபடி திருப்பி, மத்தியானம் வரை ஆயிற்று. கடைசியில் தரை தரையாகவே இருந்தது. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. "இந்த ஹால் நகருமா தம்பி?" என்று கேட்டாள்.

"நகராதுக்கா."

"என் வண்டி நகருமே."

பிசியோ தம்பி தலையைச் சொறிந்தார். அப்போது வராந்தாவில் அழுக்குத் துணி ஏற்றிப் போகிற தட்டையான தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போனது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது.

அன்றிலிருந்து வராந்தாவில் கூத்துதான். விசிலக்கா தள்ளுவண்டிமேல் நிற்பாள், இடுப்பில் பாதுகாப்பு பெல்ட். பெல்ட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பிசியோ தம்பி பக்கத்திலேயே ஓடுவார். வண்டியைத் தள்ளுவது தங்கை; அதுதான் அபராதம். விசில் கொடுத்தால் தள்ள வேண்டும், மறு விசிலுக்குச் சடாரென்று நிறுத்த வேண்டும். முதலில் எல்லாம் பெல்ட்டில் ஊஞ்சலாடினாள். மிச்சக் கால் சிவந்து கன்றிப்போனது. ஒருமுறை தோல் உரிந்து, அது ஆறுகிற வரை காலை மாட்டவே கூடாது என்று டெக்னீஷியன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த நாட்களில் ஊன்றுகோலோடு வந்து, படுத்துக்கொண்டு இடுப்புப் பயிற்சி மட்டும் செய்தாள். வாயால் பிசியோ தம்பியை வறுத்து எடுத்தாள். ஒருநாளாவது வராமல் இருக்கவில்லை.

பாதத்துக்கு உணர்ச்சி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அதன் செய்தி மேலே வந்தது. முன்பக்கம் பாரம் விழுந்தால் முட்டிக்குக் கீழே ஒரு அழுத்தம், பின்பக்கம் விழுந்தால் கெண்டைச் சதை இருந்த இடத்தில் ஒரு அழுத்தம். உள்ளங்காலுக்குத் தெரிந்ததையெல்லாம் முட்டிக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் தங்கை கோபத்தில், அன்று எதற்கோ சண்டை, முழு பலத்தோடு தள்ளி முழு பலத்தோடு நிறுத்தினாள். பெல்ட் தளர்ந்தே இருந்தது. விசிலக்கா நின்றுகொண்டிருந்தாள்.

மேனேஜரிடம் இரண்டாவது வாய்ப்பு கேட்டு வாங்கியது தனிக் கதை. ஷூ சமாசாரத்தை எடுத்துச் சொன்னாள். இன்னொரு தடவை விழுந்தால் அந்த நாற்காலியை நானே துடைத்து உட்காருகிறேன், மறுபேச்சு கிடையாது என்றாள். அவர் அரைமனதோடு சரி என்றார்.

இந்த முறை பஸ்ஸை நிஜமான சாலைக்கே எடுத்தார்கள். விசில் கொடுத்தாள். வண்டி கிளம்பியது. கிளம்பியதே தெரியாத மாதிரி கிளம்பியது. மார்க்கெட் திருப்பத்தில் திரும்பியது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி திரும்பியது. முன்னால் ஆட்டோ குறுக்கே வந்தது. நூறு அடிக்கு முன்பே வேகம் குறைந்து, வெண்ணெய் மாதிரி நின்றது. விசிலக்கா ஆடாமல் நின்றாள். மேனேஜரின் முகம் மலர்ந்தது.

"போதும்மா. பிரமாதம். வண்டிய திருப்பச் சொல்லு" என்றார்.

அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும், வண்டி அவளுடையது. ஆனால் விசிலக்காவுக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. இதுவும் அதே நாற்காலிதான், மெத்தை வைத்து ஓட்டுகிறார்கள். நாக்கை மடித்து ஊதிய ஊதலில் வண்டி நடுரோட்டில் நின்றது. நேராக முன்னால் போனாள்.

"அண்ணே, இது என்ன சவ வண்டியா? யாரை எடுத்துட்டுப் போறீங்க?"

டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். "முடியல விசிலு. பிரேக்ல கால வெச்சாலே அன்னிக்கு..." என்றவர் கண்ணாடியிலிருந்தும் பார்வையை விலக்கிக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் இறங்கிவிட்டது. சீட்டின் பின்பக்கத்தைத் தட்டினாள். "இங்க திரும்பி என்னப் பாருங்க. அன்னிக்கு நான் விசில நிறுத்தினதும் நீங்க மிதிச்சீங்க பாருங்க, அந்த பிரேக்லதான் என் முட்டி மிஞ்சிச்சு. டாக்டரே சொன்னாரு. இன்னும் ஒரு கண நேரம் போயிருந்தா அதுவும் போயிருக்கும். அந்த முட்டியாலதான்ணே இப்ப நிக்கறேன். உங்க பிரேக்க விட்டா நான் வேற எத நம்பறது? எப்பவும் போல மிதிங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கியரைப் போட்டார்.

அதற்கப்புறம் ஓட்டியதுதான் ஓட்டு. பாலத்தின் பள்ளத்தில் குதித்து ஏறியது. சிக்னலில் சடாரென்று நின்றது. ரவுண்டானாவில் சுற்றிய சுற்றில் பின்சீட்டில் இருந்த மெக்கானிக் கீழே விழுந்தே விட்டார். மேனேஜர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளைப் பிடிக்கத் தயாராக இருந்தார். "சார், கையை மடில வைங்க. டிக்கெட் எடுத்தாச்சா?" என்றாள். ஒரு திருப்பத்தில் அவள் தடுமாறத்தான் செய்தாள். நல்ல கால் ஒரு எட்டு நகர்ந்தது, இடுப்பு கம்பத்தில் இடித்தது. கை கம்பிக்குப் போகவில்லை. டிக்கெட் மெஷினை நீட்டியபடியே இருந்தது.

டிப்போவில் இறங்கியதும் மேனேஜர் சட்டைப்பையில் துழாவி, அன்றைக்கு மடியில் விழுந்தபோது வந்த பழைய டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். "முதல்ல அரை டூட்டி. அப்புறம் பாக்கலாம்" என்றார். பிறகுதான் டிப்போவே சிரித்தது. இவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள், மேனேஜர் மடியைச் சொல்லிச் சொல்லி.

டூட்டியில் சேர்ந்த முதல் நாள் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இவள் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டு போனாள். ஒரு ஸ்டாப்பில் விசிலை முன்கூட்டியே கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. துணி மூட்டையோடு நின்ற ஒரு அம்மா இறங்குவதற்குள் வண்டி கிளம்பி, அடுத்த ஸ்டாப்புக்கே போய்விட்டது.

"ஏம்மா, உனக்குக் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? இறங்கறதுக்குள்ள என்ன அவசரம்? இந்த மூட்டைய நீயா தூக்கிட்டு வருவ? சம்பளம் வாங்கறல்ல?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விசிலக்கா அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். எத்தனை காலம் ஆயிற்று, தன்னை ஒருத்தர் இப்படி வாய்விட்டுத் திட்டி! அவளுக்குள் ஏதோ பூட்டு படக்கென்று திறந்தது.

"அப்பவே கத்தறதுக்கென்ன? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? முன்னாடியே வந்து வாசப்படில நிக்கணும்னு தெரியாது?"

"எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா!"

அந்த அம்மா திட்டிக்கொண்டே இறங்கினாள், இறங்கியும் திட்டினாள். விசிலக்காவும் விடவில்லை, படியில் நின்று பதிலுக்குப் பதில் கொடுத்தாள். மூட்டையைத் தூக்கி அந்த அம்மாவின் தலையில் ஏற்றிவிட்டதும் அவள்தான்.

கண்ணாடியில் பார்த்த டிரைவர் அண்ணன் பதறிவிட்டார். "என்ன விசிலு, அழுவற? கால் வலிக்குதா?"

"இல்லண்ணே" என்றாள் அவள், சட்டைத் தோளில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே. கை இரண்டும் வேலையில் இருந்தன. "என்னை ஒருத்தங்க நல்லா திட்டிட்டுப் போறாங்க."

பிறகு நாக்கை மடித்து விசிலை ஊதினாள். வண்டி கிளம்பியது.